டீச்சர்கிட்ட கேளுங்க: ஜன்னல்ல ஒட்டுற கலர் பேப்பர்

போன மாசம் இந்தப் பக்கத்துல டிஷ்யூ பேப்பர் வச்சு பிள்ளைங்களோட கலர் கண்ணாடி ஜன்னல் செய்யலாம்னு சும்மா ரெண்டு வரி எழுதினேன். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நெனைக்கவே இல்ல. முப்பது வருஷம் பாலர் வகுப்புல இருந்தவ, இதைப் பத்தி பேச விட்டா நிறுத்தமாட்டேன், அதனால இந்த மாசம் முழுக்க இது மட்டும்தான். சாப்பாட்டுக் கேள்வி அனுப்புனவங்க கோவிச்சுக்காதீங்க.

டீச்சர், வணக்கம். நாலு வயசு மகளோட செய்யலாம்னு வீட்டுக்காரர்கிட்ட டிஷ்யூ பேப்பர் வாங்கிட்டு வரச் சொன்னேன், அவரு மூக்கு துடைக்கிற டிஷ்யூ ரெண்டு டப்பா தூக்கிட்டு வந்துட்டாரு. சரி போகட்டும்னு அதுல வாட்டர் கலர் அடிச்சு ஒட்டிப் பார்த்தோம், கூழாப் போச்சு. அப்புறம் நானே போயி கலர் டிஷ்யூ வாங்கினேன், அதுவும் கம் பட்டவுடனே கிழியுது. எங்க தப்பு பண்றோம்? – வாசகி, செந்தூல்

வீட்டுக்காரர் மேல தப்பே இல்லம்மா, நம்ம ஊருல டிஷ்யூன்னா எல்லாருக்கும் அந்த டப்பாதான் ஞாபகம் வரும். நமக்கு வேண்டியது புது ஷூ வாங்குனா டப்பாக்குள்ள சுத்தி வச்சிருப்பாங்களே, மெல்லிசா சரசரன்னு, அந்தப் பேப்பர், ஆனா கலர்ல. ஆபீஸ்ல பிரிண்ட் எடுக்கிற பேப்பர் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் இத்தனை கிராம்னு கணக்கு) இருக்கும், இது 17, 20 பக்கம்தான் வரும், அதனாலதான் வெளிச்சம் உள்ள பூந்து வருது, அதனாலயேதான் ஈரம் பட்டா தாங்காது. பிறந்தநாளுக்கு முறுக்கிக் கட்டுற கிரேப் பேப்பர் வேண்டாம், சாயம் கையெல்லாம் அப்பிக்கும். ஹேம்பர் கூடைய சுத்துற கண்ணாடிப் பேப்பர் பார்க்க பளபளன்னு அழகுதான், ஆனா சின்னப் பிள்ளைங்களால கிழிக்க முடியாது, ஒட்டினாலும் சுருண்டு எழுந்து வந்துரும்.

இப்போ கம்முக்கு வருவோம். நாலு வயசுப் பிள்ளைக்கு கம்மே வேண்டாம்மா. ஸ்கூல் திறக்கிறப்ப நோட்டுப்புத்தகத்துக்கு அட்டை போடுவோமே ஒட்டுற பிளாஸ்டிக் ரோல், பின்னாடி பேப்பர உரிச்சா பசையா இருக்குமே, அதுதான் இதுக்கு சரியான சாமான். ஏ4 அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கிட்டு, பின்பேப்பர உரிச்சு, பசைப் பக்கம் பிள்ளையப் பார்க்கிற மாதிரி நாலு ஓரமும் மாஸ்கிங் டேப் போட்டு ஜன்னல் கண்ணாடியிலயே அவ நெஞ்சு உயரத்துல ஒட்டிருங்க. மேசை மேலயும் ஒட்டலாம், ஆனா நின்னுக்கிட்டே ஒட்டுறப்பதான் வெளிச்சம் பின்னாடியிலிருந்து வர்றது அவளுக்கு அப்பவே தெரியும், ஒவ்வொரு துண்டு வைக்கிறப்பவும் கலர் பத்திக்கிற மாதிரி இருக்கும், அதுக்கப்புறம் நீங்க கூப்பிட்டாலும் சாப்பிட வரமாட்டா.

கறுப்பு மணிலா கார்டுல, அதாவது கெட்டி அட்டையில, வண்ணத்துப்பூச்சியோ மீனோ கோடு மட்டும் நிக்கிற மாதிரி நீங்க வெட்டி முதல்ல பசை மேல ஒட்டிக் கொடுங்க. அம்மாவோட வேலை அவ்வளவுதான், கைய எடுத்துருங்க. பேப்பர வெட்டிக் கொடுக்காதீங்க, அவளையே கிழிக்க விடுங்க. டிஷ்யூ பேப்பருக்கு ஒரு குணம் இருக்கு, ஒரு பக்கமா கிழிச்சா நேரா கோடு போட்ட மாதிரி சர்ருன்னு போகும், திருப்பிப் பிடிச்சுக் கிழிச்சா கோணல்மாணலா போகும், நார் ஓடுற திசை அப்படி. இதை நான் பிள்ளைங்களுக்கு சொல்லித் தர்றதே இல்ல, பத்து நிமிஷத்துல யாராச்சும் ஒரு வாண்டு கண்டுபிடிச்சு மத்ததுக்கெல்லாம் சொல்லிரும்.

முடிஞ்சதும் மேல இன்னொரு பிளாஸ்டிக் துண்டு போட்டு மூடலாம். ஒரு ஓரத்துல கொஞ்சம் உரிச்சு ஒட்டி, மீதிய மெதுவா இழுத்துக்கிட்டே துணியால தேய்ச்சுக்கிட்டு வாங்க, முழுசா உரிச்சுட்டு மூடப் போனா குமிழ் குமிழா வந்து உயிர வாங்கும். ரோல் தீந்து போச்சுன்னா கவலையில்ல, முகத்துக்குப் போடுற பவுடர பஞ்சுல தொட்டு லேசா தட்டுங்க, மீதி இருக்கிற பசை செத்துரும்.

நான் தாடிகா (பாலர் பள்ளி) டீச்சர், வகுப்புல 18 பிள்ளைங்க, அஞ்சு ஆறு வயசு. ஏழு கலர் வாங்கிக் கொடுத்தேன், எல்லாரோடதும் கடைசியில மண் கலராப் போச்சு. பெற்றோர்கிட்ட காட்டவே வெட்கமா இருக்கு. – புக்கிட் மெர்தாஜாம்

ஏழு கலர் கொடுத்ததுதான் வினை டீச்சர். நானும் முதல் வருஷம் அதையேதான் பண்ணேன். ஒவ்வொரு பேப்பரும் வெளிச்சத்துல ஒரு பங்க முழுங்கிட்டு மிச்சத்ததான் விடும், மஞ்சளும் நீலமும் அடுக்கினா பச்சை மட்டும் தப்பிச்சு வெளிய வரும், அது மேல சிவப்பயும் வச்சா அந்தப் பச்சையயும் அது சாப்பிட்டுரும், மிஞ்சுறது காப்பி டிகாஷன்தான்.

முதல் நாள் மஞ்சள், நீலம் ரெண்டே ரெண்டு. வேற எதையும் கண்ணுல காட்டாதீங்க, அலமாரியப் பூட்டிருங்க. என் வகுப்புல ஒரு பையன் இருந்தான், பேச்சே வராது, ஒட்டிக்கிட்டே இருந்தவன் திடீர்னு திரும்பி, "டீச்சர், என்னோடதுல யாரு பச்சை போட்டா?"ன்னு கோவமா கேட்டான், பக்கத்துல இருந்தவள சந்தேகமாப் பார்க்கிறான். நான் ஒண்ணும் சொல்லல, அந்த மஞ்சள் துண்ட மெதுவா உரிச்சேன், நீலம். திரும்ப வச்சேன், பச்சை. பேப்பரப் பிடுங்கிக்கிட்டான், அன்னைக்கு முழுக்க அவனே வச்சு எடுத்து வச்சு எடுத்து பார்த்துக்கிட்டு இருந்தான், படம் ஒண்ணும் செய்யல. நல்ல பாடம்னா எனக்கு அதுதான்.

ரெண்டாம் நாள் சிவப்பு சேருங்க. ரெண்டு அடுக்குக்கு மேல வேண்டாம்னு சொல்லுங்க, கேட்கமாட்டாங்க, பரவால்ல. அங்கங்க ஒண்ணுமே ஒட்டாம வெறும் பிளாஸ்டிக்கா விட்ட இடந்தான் மத்த கலரத் தூக்கிக் காட்டும். கலர் கம்மியா இருந்தா பெற்றோர் என்ன சொல்வாங்களோன்னு யோசிக்காதீங்க. மத்தீஸ்னு பெரிய பிரெஞ்சு ஓவியர், வயசாகி சக்கர நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு கத்தரிக்கோலால கலர் பேப்பர வெட்டி வெட்டித்தான் வான்ஸ்ங்கிற ஊர்ல ஒரு சின்ன தேவாலயத்துக்கு ஜன்னல் வடிவம் போட்டாரு. 1951ல முடிஞ்சது, அவருக்கு அப்போ 81 வயசு. அந்தக் கண்ணாடியில மஞ்சள், பச்சை, நீலம் மூணே கலர்தான்.

ஸ்டேஷனரி கடையில வாங்குற கம் எதுக்கு, நாங்க சின்னப்பிள்ளையா இருந்தப்ப கோதுமை மாவுக் கூழ் காய்ச்சித்தானே ஒட்டுவோம். பேரப்பிள்ளைங்களுக்கு அதையே செஞ்சு கொடுத்தேன், ரெண்டே நாள்ல ஜன்னல்ல எறும்பு வரிசை. மருந்து ஏதும் கலக்கலாமா? – பாட்டி, ஆயர் ஈத்தாம்

பாட்டிம்மா, கூழ் வாசனை எனக்கும் பிடிக்கும். ஆனா நம்ம ஊரு ஈரக்காத்துக்கு எறும்பு வராட்டி பூசணம் வரும், ரெண்டுல ஒண்ணு நிச்சயம். அந்தக் காலத்துல பூச்சி அரிக்கக்கூடாதுன்னு பசையில மயில்துத்தம் போடுவாங்க, அது விஷம், பிள்ளைங்க கை வைக்கிற எதுலயும் வேண்டவே வேண்டாம். கூழ்தான் வேணும்னா ஒரு வாரத்துக்கு அழகு பார்த்துட்டு பிச்சுப் போட்டுருங்க, அடுத்த வாரம் புதுசு.

என் பையனுக்கு ரெண்டு வயசு ஆகப் போகுது. கிடைக்கிறதெல்லாம் வாய்க்குத்தான் போகுது. அக்காவ மாதிரி தானும் செய்யணும்னு அழறான். – வாசகி, பத்துமலை

துண்ட அவன் உள்ளங்கைய விடப் பெருசா கொடுங்க, பக்கத்துலயே உட்காருங்க, ஃபோனைத் தள்ளி வச்சுருங்க. எச்சில் பட்டா சாயம் விடுற பேப்பரும் இருக்கு, வாங்குனவுடனே ஈர விரலால அழுத்திப் பாருங்க, விரல்ல கலர் வந்தா அது அக்காவுக்கு, இவனுக்கு இல்ல. அஞ்சு நிமிஷம் ஒட்டுவான், அப்புறம் ஒட்டினத உரிக்கிறதுதான் அவனுக்கு விளையாட்டு, உரிக்கட்டும்.

டீச்சர், மகளும் நானும் லீவு நாள் முழுக்க உட்கார்ந்து செஞ்சோம், ஜன்னல்ல மாட்டினா டல்லா இருக்கு. ஃபோட்டோவுல மத்தவங்களோடது ஜொலிக்குதே. நாங்க இருக்கிறது ஒன்பதாவது மாடி, ஹால் ஜன்னல் வடக்கு பார்த்தது. – ஓர் அப்பா, பிரிக்ஃபீல்ட்ஸ்

பேப்பர் மேல குத்தமில்ல தம்பி, ஜன்னல்தான். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மூணு டிகிரிதான் வடக்க, சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலதான் போகும், வடக்கு தெற்கு ஜன்னல்ல நேர் வெயில் விழறது கம்மி. ஜூன் பக்கம் உங்க வடக்கு ஜன்னலுக்குக் கொஞ்சம் கிடைக்கும், டிசம்பர்ல தெற்குக்கு. கிழக்கு பார்த்த ரூம் இருந்தா, துணி காயப்போடுற இடமா இருந்தாலும் பரவால்ல, அங்க கொண்டுபோயி மாட்டிட்டு காலையில 8, 9 மணிக்குப் பாருங்க. கண்ணாடியப் பார்க்காதீங்க, தரையப் பாருங்க. என் பழைய வகுப்புல சிமெண்டுத் தரையில சிவப்பும் மஞ்சளுமா விழும், பிள்ளைங்க அது மேல கால வச்சு, "என் காலு ஆரஞ்சு"ன்னு கத்துவாங்க, பத்து மணி ஆனா நகர்ந்து நாற்காலிக்கு அடியில போயிரும்.

ராத்திரியில வீட்டுக்குள்ள இருந்து பார்த்தா அழுக்குத் துணி தொங்குற மாதிரித்தான் இருக்கும், வெளிச்சம் நம்ம பக்கம் இருக்கே. கீழ கார் பார்க்ல நின்னு நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்க மகள, ஒன்பதாவது மாடியில அவளோட மீன் மட்டும் எரியும். தீபாவளிக்கு இதையே கண்ணாடி பாட்டில்ல சுத்தி விளக்கு செய்யலாமான்னு வேற நாலு பேரு கேட்டிருக்கீங்க, செய்யலாம், ஆனா உள்ள எல்இடி லைட்டுதான், அகல் வேண்டாம், இந்தப் பேப்பர் பத்திக்க ஒரு நொடி போதும்.

எங்க ஊர்ல டிஷ்யூ பேப்பர் கிடைக்கிறதே இல்ல. வேற வழி இருக்கா? – பாலிக் பூலாவ்

இருக்கு. வடை மடிச்ச பேப்பர்ல எண்ணெய் பட்ட இடம் மட்டும் வெளிச்சத்துல தெரியுமே, அதேதான். சாதாரண வெள்ளைப் பேப்பர்ல கிரேயான் வச்சு பிள்ளைங்கள நல்லா அழுத்தித் தீட்டச் சொல்லுங்க, கறுப்புக் கோடு தடிமனா. அப்புறம் திருப்பிப் போட்டு பஞ்சுல சமையல் எண்ணெய் தொட்டுத் தடவி, பழைய நியூஸ்பேப்பருக்கு நடுவுல வச்சு ஒத்தி எடுத்துட்டு ஜன்னல்ல மாட்டுங்க. நாருக்கு நடுவுல இருக்கிற காத்த எண்ணெய் அடைச்சுரும், வெளிச்சம் சிதறாம நேரா வந்துரும். கண்ணாடியில கொஞ்சம் பிசுக்கு ஒட்டும், பாத்திரம் கழுவுற சோப்புல போயிரும்.

நிஜமான கலர் கண்ணாடிய பிள்ளைங்களுக்கு எங்க காட்டலாம்? – பட்டர்வொர்த், கோலாலம்பூர்னு மூணு நாலு பேர்

பினாங்குக்காரங்க லீத் ஸ்ட்ரீட்ல இருக்கிற சியோங் ஃபாட் சி மாளிகைக்குப் போங்க, நீலச் சுவரு, தூரத்துலயே தெரியும், கைடு கூட்டிட்டுப் போயி காட்டுவாங்க. கேஎல்ல தத்தாரான் மெர்டேக்கா பக்கத்துல செயின்ட் மேரிஸ் கதீட்ரல். போயிட்டு வந்து செய்யறத விட, செஞ்சுட்டுப் போறதுதான் சரின்னு சொல்வேன், அப்பத்தான் கறுப்புக் கோடு எதுக்குன்னு அவங்களே கேட்பாங்க. அது ஈயப்பட்டை, துண்டு துண்டா இருக்கிற கண்ணாடியக் கவ்விப் பிடிச்சு நிக்கிறது. கலரு மேல பூசினது இல்ல, கண்ணாடி உருக்கும்போதே உலோகத்தக் கலந்துருவாங்க, நீலத்துக்கு கோபால்ட், நல்ல சிவப்புல சில வகைக்குத் தங்கமே போடுவாங்க. தங்கம்னு சொன்னவுடனே என் வகுப்புல ஒருத்தி அம்மா சங்கிலியக் கொண்டு வரட்டுமான்னு கேட்டா.

ஆசையா ஜன்னல் முழுக்க ஒட்டிட்டோம். மூணு வாரத்துல கலர் வெளுத்துப் போச்சு, டேப் காய்ஞ்சு உரிக்கவே வரல, மாமியார் "கண்ணாடி முழுக்க குப்பை"ன்னு தினம் சொல்றாங்க. – வாசகி, பிறை

வெயில்ல இந்தச் சாயம் நிக்காதும்மா, ரோஸும் ஊதாவும் முதல்ல போகும். புதுசா இருக்கிறப்பவே ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாத்திருங்க. காய்ஞ்ச டேப் மேல சமையல் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டுட்டு பழைய பேங்க் கார்டால சுரண்டுங்க, வந்துரும், கத்தி வேண்டாம். ஜன்னல் முழுக்க ஒட்டுனது கொஞ்சம் அதிகம்தான், மாமியார் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரே ஒரு படம் மட்டும் அடுப்படி ஜன்னல்ல, காலையில அவங்க டீ ஆத்துற இடத்துக்கு நேரா மாட்டிப் பாருங்க. அடுத்த தடவை செய்யறப்ப பேப்பர் கிழிக்க அவங்களையும் கூப்பிடுங்க, வெத்தலை கிள்ளுற கை, பிரமாதமாக் கிழிப்பாங்க.