லாக் லா பீச் ஏரித் தீவுப் பூங்காவுக்கு எப்போது போகலாம்?

கனடாவின் எட்மண்டன் நகரில் இருக்கும் நீங்கள், பறவை பார்க்க அமைதியான ஏரிக்கரை எது, எந்த மாதம் என்று கேட்டிருக்கிறீர்கள். சர் வின்ஸ்டன் சர்ச்சில் மாகாணப் பூங்காவுக்குப் போங்கள். வடகிழக்கே சுமார் 220 கிலோமீட்டர். லாக் லா பீச் ஏரியின் நடுவே ஒரு தீவு அது. கரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் சாலை போட்டு இணைத்திருக்கிறார்கள்.

அங்கே போகச் சொல்ல, தீவிலுள்ள காடுதான் முதல் காரணம். வடபுல ஊசியிலைக் காடுகள் காட்டுத்தீயில் எரிந்து எரிந்து மீண்டும் முளைப்பவை. இங்கே சுற்றிலும் தண்ணீர் என்பதால் தீ எளிதில் எட்டவில்லை. ஸ்ப்ரூஸ், ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள் முதிர்ந்து நிற்கின்றன. பலகைப் பாதையில் நின்று ஒரு கிளையைக் கிட்டத்தில் பாருங்கள்: நரைத்த தாடிபோல் மரப்பாசி தொங்கும். விழுந்து மட்கும் மரத்தின் மேல் பாசி மெத்தை, அதிலேயே விரலளவு ஸ்ப்ரூஸ் கன்று.

மே கடைசியிலிருந்து ஜூன் முடிய மிக நல்ல காலம். தெற்கே குளிர்காலத்தைக் கழித்த கதிர்க்குருவிகள் கூடு கட்ட வந்து, விடியலில் விடாமல் பாடும். இலைமறைவில் கண்ணில் படுவது கடினம், காதால் தேடுங்கள். ஜூனில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும்.

வெள்ளைக் கூழைக்கடாக்களைத் தவறவிடாதீர்கள். வேடந்தாங்கலில் பார்ப்பவற்றின் உறவுதான், ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் இதன் அலகின் மேல் கொம்புபோல் ஒரு புடைப்பு முளைக்கும், முட்டையிட்டபின் உதிர்ந்துவிடும்.

கொசு கடுமையாக இருக்கும். முழுக்கைச் சட்டையும் முகவலையும் கட்டாயம்.