வாசகர் கேள்வி பதில்: படிகத்துக்கு வராத பூஞ்சை நொதி

கேள்வி: நெல்லின் குலைநோயை வயலில் பார்க்கிறோம், மருந்து தெளிக்கிறோம். பூஞ்சையின் ஒரு நொதி என்ன வடிவத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதால் பயிருக்கு என்ன லாபம்?

பதில்: மருந்து ஏன் வேலை செய்கிறது, பிறகு ஏன் கைவிடுகிறது என்ற இரண்டுக்கும் விடை அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. குலைநோய்ப் பூஞ்சை, இலையின் மேல் ஒரு சிறு குமிழை உண்டாக்கி, அதன் சுவருக்குள் மெலனின் என்ற கறுப்பு நிறமியைப் பூசிக்கொண்டு, உள்ளே சுமார் 80 வளிமண்டல அழுத்தம் வரை ஏற்றி இலைத்தோலைக் குத்தித் துளைக்கிறது. அந்த மெலனினைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று சைட்டலோன் டிஹைட்ரடேஸ். அதன் வடிவம் 1994-இல் வெளியானது. கார்ப்ரோபமிட் என்ற மருந்து இந்த நொதியின் குழிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. பின்னர் ஜப்பானில் இந்த மருந்துக்கு அடங்காத குலைநோய் தோன்றியபோது, நொதியின் 75-ஆவது இடத்தில் வாலின் போய் மெத்தியோனின் வந்திருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம்தான். ஆனால் அது மருந்து உட்காரும் இடத்திலேயே இருந்தது.

கேள்வி: எக்ஸ்-கதிரால் வடிவம் பார்க்க நொதியைப் படிகமாக்க வேண்டுமே. அதற்காக, செடியின் செல் சுவரில் உள்ள பெக்டினை வெட்டும் பூஞ்சை நொதியான எண்டோபாலிகேலக்டுரோனேஸின் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் போட்டேன். புரதம் நிறைய வருகிறது, ஆனால் எல்லாம் கரையாமல் செல்லுக்குள்ளேயே உருண்டையாகத் தங்கிவிடுகிறது. யூரியாவில் கரைத்து மறுபடி மடிய வைக்கலாமா?

பதில்: அந்த வழியில் மாதங்கள் போய்விடும். இந்த நொதி பூஞ்சையின் செல்லுக்கு வெளியே சுரக்கப்படுவது. டைசல்ஃபைடு பிணைப்புகளும் (கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள்) சர்க்கரைச் சங்கிலிகளும் உள்ளது. சாதாரண ஈ.கோலை செல்லின் உட்புறத்தில் இவை உருவாக வழியில்லை. பிக்கியா பாஸ்டோரிஸ் ஈஸ்டுக்கு மாறுங்கள். நொதியை வெளியே அனுப்பச் சொல்லும் அதன் சொந்த முன்துண்டான சிக்னல் பெப்டைடை வெட்டிவிட்டு, ஈஸ்டின் ஆல்ஃபா-காரணி சிக்னலைச் சேருங்கள். கிளிசரால் ஊடகத்தில் வளர்த்து, பி.எச். 6 உள்ள மெத்தனால் ஊடகத்துக்கு மாற்றி, 28 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 0.5 சதவீதம் மெத்தனால் கொடுங்கள். மூன்று, நான்கு நாள் போதும். குடுவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஊடகம் ஊற்ற வேண்டாம், ஏனென்றால் மெத்தனாலில் வளரும் செல்லுக்குக் காற்று நிறைய வேண்டும். மெத்தனாலைக் கூட்டினால் விளைச்சல் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. செல்கள் செத்து உடைந்து, உள்ளிருக்கும் புரோட்டியேஸ்கள் வெளியேறி உங்கள் நொதியையே தின்றுவிடும்.

அறுவடைக்குப் பிறகு ஒரு பொறி இருக்கிறது. ஊடகத்தை அப்படியே, புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் நிக்கல் பத்தியில் ஏற்றினால் புரதம் ஒட்டாமல் வழிந்துவிடும். பி.எச். 6-இல், பிரிப்பதற்காகப் புரதத்தில் சேர்த்த ஹிஸ்டிடின் வால் புரோட்டான் ஏற்றிருப்பதால் நிக்கலைப் பிடிக்காது. பி.எச்.-ஐ எட்டுக்கு உயர்த்துங்கள். அப்போது ஊடகம் கலங்கும். அது பெரும்பாலும் உப்புதான், பதற வேண்டாம். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிட்டு ஏற்றுங்கள். நிக்கலிலிருந்து புரதத்தை விடுவிக்கும் இமிடசோலை 20 மில்லிமோலாரில் வைத்துக் கழுவி, 250-இல் இறக்குங்கள்.

இறங்கியது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பாலிகேலக்டுரோனிக் அமிலம் கலந்த அகரோஸ் தட்டில் துளையிட்டு ஒரு சொட்டு விட்டு, சில மணி நேரம் கழித்து ருத்தீனியம் சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கழுவுங்கள். தட்டு முழுக்கச் சிவக்கும். நொதி வெட்டிய இடம் மட்டும் வெளிர் வட்டமாகத் தெரியும்.

பிக்கியா மாட்டிய மேனோஸ் சங்கிலிகள் ஒவ்வொரு மூலக்கூறிலும் வெவ்வேறு நீளம். படிகம் வராததற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பி.எச். 5.5-இல், சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் எண்டோ-எச் நொதியால் நறுக்கினால் இடத்துக்கு ஒரே ஒரு சர்க்கரை மிஞ்சும், மூலக்கூறுகள் ஒரே மாதிரி ஆகும். கடைசியில், மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிகட்டல் பத்தியில் ஓட்டி, ஒற்றைச் சிகரமாக வந்ததை மட்டும் எடுங்கள்.

கேள்வி: ஒரு மைக்ரோலிட்டர் புரதமும் ஒரு மைக்ரோலிட்டர் கரைசலும் சேர்த்துச் சொட்டு வைத்தேன். ஒரே வாரத்தில் அழகான படிகம் வந்தது. எக்ஸ்-கதிரில் வைத்தால் சில புள்ளிகள்தான் தெரிகின்றன. என்ன தவறு?

பதில்: உப்புப் படிகம். புரதம் பாஸ்பேட் கரைசலில் இருந்து, கிணற்றில் (சொட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் படிகமாக்கும் கரைசலில்) கால்சியமோ துத்தநாகமோ இருந்தால் இதுதான் வரும். பாஸ்பேட்டை விட்டுவிட்டு டிரிஸ் அல்லது ஹெப்பீஸ் தாங்கல் கரைசலுக்கு மாற்றிவிடுங்கள். இனி எக்ஸ்-கதிருக்கு முன்பே சோதித்துவிடலாம். மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால் புரதப் படிகம் நிறத்தை உறிஞ்சும், ஏனென்றால் அதில் ஏறக்குறைய பாதி நீர்தான். ஊசியால் தொட்டால் பொலபொலவென்று நொறுங்கும், உப்பு டக்கென்று தெறிக்கும்.

புரதச் செறிவை மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராமில் தொடங்குங்கள். பாதிக்கு மேல் சொட்டுகள் உடனே கலங்கினால் குறையுங்கள், எல்லாமே தெளிவாக நின்றால் கூட்டுங்கள். எக்ஸ்-கதிருக்காகப் படிகத்தை உறைய வைக்கும்போது 20–25 சதவீதம் கிளிசரால் சேர்க்க மறந்தால், படத்தில் 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் பனிக்கட்டி வளையங்கள் வந்து தரவைக் கெடுக்கும்.

கேள்வி: புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் ஒரு மணி நேரத்தில் வடிவம் கொடுத்துவிடுகிறதே. இவ்வளவு பாடு எதற்கு?

பதில்: முதுகெலும்பு வடிவத்துக்கு ஆல்ஃபாஃபோல்டு பெரும்பாலும் போதும். படிகத் தரவின் கட்டச் சிக்கலை (எக்ஸ்-கதிர் அலைகளின் கட்டம் பதிவாகாத குறையை) தீர்க்க அதன் மாதிரியையே பயன்படுத்துங்கள். நம்பகத்தன்மை மதிப்பெண் நூற்றில் 70-க்குக் கீழே உள்ள பகுதிகளை முதலில் வெட்டிவிடுங்கள். ஆனால் கொடுத்த மாதிரியையே எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் திருப்பிக் காட்டும் ஆபத்து உண்டு. சந்தேகமான வளைவை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டு, அடர்த்தி தானாகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். ஐந்து சதவீதத் தரவை, மாதிரியைச் சரிபார்க்கும் ஆர்-ஃப்ரீ என்ற அளவுகோலுக்காகத் தொடாமல் வையுங்கள்.

பெக்டின் எப்படிப் பிடிபடுகிறது, எந்த நீர் மூலக்கூறு வெட்டில் பங்கெடுக்கிறது என்பதற்கு மட்டும் சோதனை தவிர வழியில்லை. அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் இதே வகை நொதியில் 180, 201, 202 ஆகிய மூன்று ஆஸ்பார்டிக் அமிலங்கள் வெட்டும் இடத்தில் உள்ளன. உங்கள் நொதியில் அவற்றுக்கு இணையான ஒன்றை ஆஸ்பரஜீனாக மாற்றினால் சர்க்கரைத் துண்டு வெட்டப்படாமல் குழியில் தங்க வாய்ப்புண்டு. படிகத்தை அந்தத் துண்டின் கரைசலில் ஊற வையுங்கள். விரிசல் விட்டால் செறிவைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் உடைந்தால், சர்க்கரையைச் சேர்த்தே புதிதாகப் படிகம் வளருங்கள்.