லோரிக்குப் பின்னால் வேகும் மேனிபோல்ட்: ஸ்பேசர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஸ்பேசர் பற்றியவை. எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்த்தொகுதிதான் மேனிபோல்ட்; அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் செருகும் தடித்த தகடுதான் ஸ்பேசர். சுங்கை சிப்புட்டில் ஒருத்தர் மாட்டினால் லிந்தாங் வரைக்கும் அரிப்பு பரவிவிடும் போல.

என்னிடம் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ கார். மேனிபோல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் 10 குதிரைத்திறன் கூடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?
*சுங்கை சிப்புட்*

பத்தெல்லாம் வராது தம்பி. அதற்காகச் சாமானே ஏமாற்று வேலை என்றும் சொல்லமாட்டேன். உங்கள் 4ஜி93 எஞ்சினில் மேனிபோல்ட் அலுமினியம். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு ஒட்டி நிற்பதால் ஹெட்டின் சூடு நேராக அதில் ஏறுகிறது. நடுவில் பினாலிக் தகடு ஒன்று, அதாவது பழைய பேக்லைட் சுவிட்ச் ஜாதி, வந்தால் அந்த வழி அடைபடும். கார்புரேட்டர் காலத்துக் கார்களில் கார்புரேட்டருக்கு அடியில் கறுப்பாய்த் தடித்த தகடு இருக்குமே, அதே வேலைதான்.

இப்போது கணக்கு. 60 டிகிரிக் காற்று 50 டிகிரிக்கு இறங்கினால் அடர்த்தி 3 விழுக்காடு ஏறும். 140 குதிரைத்திறனில் அது நான்கு. அந்த நான்கும் காகிதத்தோடு சரி. 1.8 லிட்டர் எஞ்சின் 6,000 சுற்றில் வினாடிக்கு 90 லிட்டர் அளவு காற்றை இழுக்கும். கண் சிமிட்டுவதற்குள் மேனிபோல்ட்டைத் தாண்டிவிடும் காற்றுக்குச் சூடேற நேரம் ஏது? ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, வினாடிக்கு நாலைந்து லிட்டர் தேறினால் அதிகம். அப்போதுதான் காற்று உள்ளேயே கிடந்து வேகிறது.

செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் பத்து நிமிஷம் ஊர்ந்துவிட்டு, இடம் கிடைத்ததும் மிதித்தால் கார் ஒரு கணம் சோம்பல் முறிக்கும் பாருங்கள், ஸ்பேசர் உதவுவது அந்த இடத்தில். அதுவும் ஓரளவுக்கு. ஜேமில் வெகுநேரம் நின்றால் போனட்டுக்குள் அடைந்த வெக்கையே மேனிபோல்ட்டைச் சுட்டுவிடும்.

முதலில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரேடியேட்டர் விசிறியின் அனலைக் குடிக்கும் இடத்தில் ஃபில்டரை வைத்துக்கொண்டு ஸ்பேசர் தேடுவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு ஜன்னல் திரை வாங்குவது மாதிரி. வெளிக்காற்று வர வழி செய்த பிறகும் கையில் வெள்ளி மிஞ்சினால் போடுங்கள்.

சத்ரியா நியோ சிபிஎஸ்ஸுக்கும் போடலாமா?
*கோலகங்சார்*

வேண்டாம். அதன் மேனிபோல்ட்டே பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தானே சூட்டை அவ்வளவாகக் கடத்தாது, அதை எதற்குச் சூட்டிலிருந்து காப்பாற்றப் போகிறீர்கள்?

ஸ்பேசர் போட்ட நாளிலிருந்து ஐட்லிங் ஏறி இறங்குகிறது, உஸ்ஸென்று சத்தமும் வருகிறது. எஞ்சின் போச்சா?
*சாலாக்*

எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீரை இணைப்பைச் சுற்றித் தெளியுங்கள். எங்கே பட்டதும் ஐட்லிங் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. எஞ்சின் ஓடும்போது பெட்ரோல், ஸ்ப்ரே எதையும் அடித்துப் பார்க்காதீர்கள். தீப்பிடித்தால் பிறகு ஓட்டை தேட கார் இருக்காது.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். 10 மில்லிமீட்டர் ஸ்பேசருக்குப் பழைய ஸ்டட்டையே, அதாவது நட்டு ஏறும் திருகுக் கம்பியையே, வைத்து முடுக்கினேன். நட்டு நாலே சுற்றுதான் பிடித்தது. மூன்றாம் நாள் கஸ்டமர் திரும்பி வந்தார், கசிந்த காற்றால் பிளக் வெளுத்துப் போய். ஸ்பேசர் எத்தனை மில்லியோ ஸ்டட்டும் அத்தனை மில்லி நீளவேண்டும். இரண்டு பக்கமும் கசிவை அடைக்கும் புதுக் கேஸ்கட். நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முடுக்கும் விசை அளவுக்கு) முடுக்குங்கள். மேனிபோல்ட்டுக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் பிராக்கெட் இருந்தால் அதையும் சரிபாருங்கள். மேனிபோல்ட் வெளியே தள்ளி வந்ததால் பிராக்கெட்டின் ஓட்டை பொருந்தாது. கழற்றி வீசிவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. மேனிபோல்ட்டின் கனம் முழுக்க ஸ்டட்டில் தொங்கும்.

நண்பர் 3டி பிரின்டரில் மலிவாக அடித்துத் தருகிறேன் என்கிறார்.
*ஈப்போ*

வீட்டு பிரின்டரில் பெரும்பாலும் ஓடுவது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். 60 டிகிரியைத் தொட்டாலே இளகும். ஹெட் அதைவிடச் சூடு. அலுமினியத்தில் கடைந்த ஸ்பேசரும் சூட்டை நிறுத்தாது, கடத்திவிடும். நண்பரிடம் சாவிக்கொத்து அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மிதிக்கும்போது காற்றுக்கு வழி திறக்கும் திராட்டல் பாடிக்கு, உள்ளே திருகாணி மாதிரி வரி போட்ட ஸ்பேசர் காற்றைச் சுழற்றி எண்ணெய் மிச்சம் செய்யுமாமே?
*தாப்பா*

சுழன்ற காற்று மேனிபோல்ட்டின் அறைக்குள் நுழைந்ததுமே சுழற்சியை மறந்துவிடும். உங்கள் எஞ்சினில் பெட்ரோல் பீய்ச்சுவதும் அதற்கு அப்பால், வால்வு வாசலில். பணத்துக்குக் கேடு.

திராட்டல் பாடிக்குள் ஓடும் சுடுதண்ணீர்க் குழாயைத் துண்டித்தால் அதே பலன் கிடைக்குமா?
*கம்பார்*

நல்ல கேள்வி. குளிர் நாடுகளில் திராட்டல் உறையாமல் இருக்கவே அந்தத் தண்ணீர். நம் ஊரில் உறைவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் பழைய எஞ்சின் பலவற்றில் அதே தண்ணீர்ச் சூட்டில் விரியும் மெழுகு வால்வு ஒன்று, காலையில் ஐட்லிங்கை ஏற்றிவைத்து எஞ்சின் சூடானதும் இறக்கும். தண்ணீர் போகாவிட்டால் ஐட்லிங் இறங்காமலே நிற்கும். அந்த வால்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கத்தியை எடுங்கள்.