தனி ஜெட் தானே, மழை வந்தா வேற ரூட்ல போயிர வேண்டியதுதானே, ஏன் டிலே ஆகுது?

நான் கோலாலம்பூர்ல, சுபாங் ஏர்போர்ட்ல டிஸ்பாட்ச் வேலை, அதாவது விமானத்துக்கு ரூட், பெர்மிட், எண்ணெய் எல்லாம் ஏற்பாடு பண்ற வேலை பார்க்கிறேன், தினமும் இதான் எங்க பொழப்பு, அதனால சொல்றேன்.

மேல போயி வேற பக்கம் திரும்புறது கஷ்டமே இல்லங்க, ஒரு நாட்டு வான்வெளியில போறதுக்கோ இறங்குறதுக்கோ வாங்குற அனுமதி, அந்த பெர்மிட்டுதான் கஷ்டம். சென்னைக்கு ஒரு சார்ட்டர், அதாவது வாடகைக்கு எடுத்த தனி விமானம்னு வச்சுக்குங்க. இந்தியாவுக்கு அங்க இருக்குற விமானத் துறை டிஜிசிஏ குடுக்குற ஒய்ஏ நம்பர்ங்கிற அனுமதி நம்பர் வேணும், சுமத்ராவுக்கு மேல போற ரூட்டுன்னா இந்தோனேசியா பெர்மிட், பினாங்கு தாண்டி வடக்கால சுத்தினா தாய்லாந்து பெர்மிட். இடி இடிக்க ஆரம்பிச்ச பிறகு மெயில் போட்டா எவன் குடுப்பான்? அதனால ரெண்டு ரூட்டுக்கும் முன்னாடியே வாங்கி வச்சிருவோம், ஒண்ணு வீணாப் போனாலும் பரவால்ல. 2019 பிப்ரவரி கடைசியில பாகிஸ்தான் வான்வெளிய மூடினாங்க, ஜூலை வரைக்கும் முழுசா திறக்கல, ஐரோப்பா போற விமானமெல்லாம் சுத்திக்கிட்டுப் போச்சு, வேற வழிக்குப் பெர்மிட்டும் எண்ணெய்க் கணக்கும் கையில வச்சிருக்கிறவங்களுக்குத்தான் அந்த மாதிரி நேரத்துல மூச்சு விட முடியும்.

இன்னொண்ணு, இறங்குறதுக்கான ஆல்டர்னேட், அதாவது போற இடத்துல இறங்க முடியலன்னா போயி இறங்குற மாற்று ஏர்போர்ட். சுபாங்குக்குப் பக்கத்துலயே கோலாலம்பூரோட பெரிய ஏர்போர்ட் கேஎல்ஐஏ இருக்கேன்னு அதைப் போட்டா மனசு கேக்காது, சாயங்கால மழை ரெண்டையும் சேர்த்தே அமுக்கிரும். நான் பினாங்கோ, ஜொகூர்ல இருக்குற செனாயோ போடுவேன், எண்ணெய் கூட ஆகும், ஆகட்டும்.

ஒரு அக்டோபர்ல நடந்தது இன்னும் மனசுல இருக்கு. ஆபரேஷனுக்காக சென்னை போக வேண்டிய ஒரு பெரியவர், வீல்சேர்ல லவுஞ்ச்ல உக்காந்திருக்காரு, மகள் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலையே பார்க்குது. ரூட் ரெண்டு ரெடி, பெர்மிட் ரெடி, ஆனா எண்ணெய் போடல. நாலு மணிக்கு மின்னல் அலர்ட் வந்துருச்சு, மின்னல் அடிக்கிறப்ப விமானம் நிக்கிற ராம்ப்ல யாரும் நிக்கக் கூடாது, எண்ணெய் லாரியும் பக்கத்துல வராது. ஒன்றரை மணி நேரம் அப்படியே போச்சு. அது என் தப்பு, நான்தான் லாரிய முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்.

அதுக்கப்புறம் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர்ல சாயங்கால ஃப்ளைட்டுன்னா மதியம் ரெண்டு மணிக்குள்ள ரெண்டாவது ரூட்டுக்கும் சேர்த்து எண்ணெய் ஏத்திருவோம், முடிஞ்சா கஸ்டமர்கிட்ட பேசி காலையிலயே கிளம்பச் சொல்லிருவோம்.