பட்டை இரும்புப் பாறையில் (இரும்புக் கனிமமும் சிலிக்காவும் மாறி மாறிப் பட்டைகளாகப் படிந்த பழைய கடல் படிவு) இருப்பது சுமார் 30% இரும்புதான். அதே மலையில் 65% தாது எப்படி வந்தது?

வெளியிலிருந்து இரும்பு வந்து சேர்ந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடந்தது நேர் எதிர். இரும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கூட இருந்த சிலிக்காதான் (மணலில் இருக்கும் அதே பொருள்) கரைந்து போய்விட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பாறையில் உள்ள 30 கிராம் இரும்பு, ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு கனிமமாக இருந்தால் சுமார் 43 கிராம் வரும். மீதி 57 கிராமும் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, என்றே வைத்துக்கொள்வோம். அதில் 53 கிராம் கரைந்தால் மிஞ்சுவது 47 கிராம். இப்போது இரும்பு 64%! ஒரு துளி இரும்பும் புதிதாக வரவில்லை.

சரி, காலியான இடம் என்ன ஆயிற்று? குவார்ட்ஸ் லேசானது என்பதால் கன அளவில் 70 சதவீதத்துக்கு மேல் அதுதான். அது போனதும் பாறை ஓட்டை ஓட்டையாகும், இல்லாவிட்டால் மேலே உள்ள பாரத்தில் அமுங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லியில், பாறைக்குள் ஓடும் ஷேல் (இறுகிய களிமண் பாறை) அடுக்குகளைப் பின்தொடர்ந்து தாதுவுக்குள் போனால், அவற்றுக்கு இடைப்பட்ட தடிமன் குறைந்திருப்பதைப் பார்க்கலாம். சத்தீஸ்கரின் பைலாடிலாவில் கிடைக்கும் 'புளூ டஸ்ட்', பிடிமானம் போய் உதிர்ந்த ஹேமடைட் பொடி.

ஏன் சிலிக்கா மட்டும்? ஆக்சிஜன் உள்ள நீரில் ஃபெரிக் இரும்பு (நன்றாக ஆக்சிஜனேறிய வடிவம்) அநேகமாகக் கரையவே கரையாது. சிலிக்கா மெல்ல மெல்லக் கரையும், நீர் சூடாக இருந்தால் இன்னும் அதிகமாக. (வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆக்சிஜன் இல்லாத ஆழ்கடலில் இதே இரும்பு, குறைவாக ஆக்சிஜனேறிய ஃபெரஸ் வடிவில் கரைந்துதான் கிடந்தது.)

தாதுத் துண்டைப் பட்டை தீட்டி நுண்ணோக்கியில் வைத்தால், இரும்பு இடம் மாறவில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி கிடைக்கும்: மார்ட்டைட். எண்முகப் படிக வடிவம் அப்படியே மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமத்துடையது, உள்ளே இருப்பதோ ஹேமடைட். காந்தம் சரியாக இழுக்காது. மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் கறுப்புக்குப் பதில் செம்பழுப்புக் கோடு விழும்.

கரைத்தது மழைநீரா, ஆழத்திலிருந்து வந்த வெந்நீரா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து. ஹேமர்ஸ்லியின் மவுண்ட் வேல்பேக் போன்ற இடங்களின் கெட்டியான, தகட்டு ஹேமடைட் தாதுவுக்கு வெந்நீர் தேவைப்பட்டிருக்கும். கோத்தைட் (துருவில் காணப்படும் இரும்புக் கனிமம்) கலந்த தாதுவுக்கு மேற்பரப்புச் சிதைவே போதும். ஆனால் கோத்தைட்டின் படிகத்திலேயே நீர் கலந்திருப்பதால், எவ்வளவு சுத்தமானாலும் அது 63 சதவீதத்தைத் தாண்டாது.