திமிங்கலத்தின் போக்கைப் பற்றி மீனவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

தாராளமாக நம்பலாம். ஆனால் அவர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூக்கையூரில் நாட்டுப்படகு வைத்திருந்த என் அப்பாவுடன் விடுமுறை நாட்களில் கடலுக்குப் போய் வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள் உண்டு. பாம்பனுக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவை வடகடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வோம். வடகடலின் ஆழம் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். தென்கடலோ தீவுகளைத் தாண்டிப் போகப் போக ஆழ்ந்துகொண்டே செல்லும். ஆகவே பெரிய திமிங்கலம் தென்கடலுக்குரியது என்பதும், வடகடலில் ஒன்று தென்பட்டால் அது வழி தவறியதாகவோ நோயுற்றதாகவோ இருக்க வேண்டும் என்பதும் அப்பாவின் கணிப்பு.

ஒரு நாள் விடியற்காலையில் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சிற்றலை நெளிந்துகொண்டிருந்த நீரின் நடுவே எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பாகக் கிடந்த ஒரு வட்டத்தைக் காட்டினார். சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் மற்றொன்று. நீருக்கடியில் வால் மேலெழும்பி அடிக்கும்போது தள்ளப்படும் நீர், மேற்பரப்பில் அலையை அமுக்கிவிடுவதால் உண்டாகும் தடம் அது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். "தடம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு, அந்தப் பக்கம் வலை விடாதே," என்றார் அவர். சிறிது நேரத்தில் அழுகிய மீன் வாடை காற்றில் வந்தது. அது திமிங்கலத்தின் மூச்சு. சூடை மீன் திரளும் காலத்தில் அந்த மீனைத் தின்னவே திமிங்கலம் கரைப்பக்கம் வரும் என்பதால், பறவைகள் விழுந்து விழுந்து எழும் இடத்தை அவர் எப்போதும் இரட்டைக் கவனத்தோடு அணுகுவார்.

அம்மணி உழுவையை, அதாவது திமிங்கலச் சுறாவை, திமிங்கலம் என்று படித்தவர்களே எழுதிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. அது சுறா வகை. அதன் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசையும், மூச்சு விட அது மேலே வராது. திமிங்கலத்தின் வாலோ கிடையாக இருந்து மேலும் கீழும் அடிக்கும். எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் இந்த வேறுபாடு தெரியும்.

2016 ஜனவரியில் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, மீனவர்கள் அவற்றைப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்து விட்டார்கள். பல திரும்பவும் கரைக்கே வந்தன. செய்தியைக் கேட்ட அப்பா, "கூட்டத்துல பாதி கரையில கிடக்கையில மீதி எப்படிப் போகும்?" என்றார். அவ்வினத்தின் இறுகிய கூட்டுவாழ்வைத்தான் ஆய்வாளர்களும் காரணமாகக் காட்டுகிறார்கள். பிறகு, "எழுபத்து மூணுலயும் இதே பொங்கல் சமயத்துலதான் ஏறுச்சு," என்று சேர்த்துக்கொண்டார். தேடிப் பார்த்தேன்: 1973 ஜனவரி 14, மணப்பாட்டை ஒட்டிய அதே கரை, 147 திமிங்கலங்கள்.