அப்பாவின் காமிக்ஸ் பெட்டியை மொத்தமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா 1970களிலிருந்து சேர்த்து வைத்த முத்து, லயன், ராணி காமிக்ஸ் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. சுமார் 220 இதழ்கள். சிலவற்றை அப்பா பைண்டிங் செய்து வைத்திருந்தார். பழைய புத்தகம் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் மறுபதிப்பு வந்துவிட்டது, மதிப்பில்லை. மொத்தமாக 15,000 ரூபாய் தருகிறேன்" என்கிறார். கூடவே கிடந்த பழைய விலைப்பட்டியல்களையும் மணியார்டர் ரசீதுகளையும் குப்பையில் போடச் சொன்னார். கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: வேண்டாம். குறைந்தபட்சம் இந்த மாதம் வேண்டாம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. அந்தக் கதை பிறகு மறுபடியும் அச்சானது உண்மைதான். அதே பதிப்பகத்தார் 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் பல பழைய கதைகளை மறுபதிப்பாகவும் கொண்டுவந்தார்கள். கதையைப் படிக்க மட்டும் ஆசைப்படுகிறவருக்கு அது போதும். ஆனால் பழைய இதழைத் தேடுகிறவர் கதைக்காகத் தேடுவதில்லை. பள்ளி விட்டு வரும்போது கடையில் தொங்கிய அந்த அட்டை, அந்தச் சாணித்தாள், பின்னட்டை விளம்பரம் இவற்றுக்காகத் தேடுகிறார். மறுபதிப்பை வாங்கியவர்தான் பல சமயம் முதல் பதிப்பையும் கேட்கிறார். எனவே "மறுபதிப்பு வந்துவிட்டது" என்பது விலையை இறக்கச் சொல்கிற பேச்சு.

மொத்த விலை என்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய பொறி. 220இல் அவருக்கு வேண்டியது 15 அல்லது 20 இதழ்களாக இருக்கும். அவை எவை என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அந்த இருபதின் விலைக்கும் குறைவாகக் கொடுத்து மொத்தத்தையும் அள்ளிப் போவார். என்னிடம் வருகிறவர்களில் பலர் பெட்டி கைமாறிய பிறகுதான் வருகிறார்கள். அப்போது நான் சொல்வதில் ஒரு பயனும் இல்லை.

முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதுங்கள். இதழின் பெயர், எண், மாதம், வருடம், அச்சிட்ட விலை, முன்னட்டையும் பின்னட்டையும் இருக்கிறதா, பக்கம் எல்லாம் இருக்கிறதா. இவ்வளவு போதும், மற்ற நுணுக்கம் உங்களுக்கு வேண்டாம். 1984 ஜூலையில்தான் லயனும் ராணியும் தொடங்கின. லயனின் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி', ராணியின் முதல் இதழ் 'அழகியைத் தேடி'. இவையும் முத்துவின் தொடக்க கால இதழ்களும் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். பிற்கால ராணி இதழ்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, அவற்றுக்குப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள்.

இனி அந்தக் 'குப்பை'. பழைய விலைப்பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்கிறவரை நான் ஒருபோதும் நம்ப மாட்டேன். கைவசம் எந்த இதழ் இருக்கிறது, என்ன விலை, வி.பி.பி.யில் (தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பார்சலை வாங்கிக்கொள்ளும் முறை) அனுப்புவார்களா என்று பதிப்பகத்தார் வாசகருக்கு அனுப்பிய தாள் அது. எந்த இதழ் எப்போது தீர்ந்துபோனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அப்பாவின் மணியார்டர் ரசீதில் தபால் முத்திரைத் தேதி இருக்கும். இதழும் ரசீதும் ஒரே வருடத்தைச் சொன்னால், அது பின்னாளில் ஒட்டிச் சேர்த்த பிரதி இல்லை என்று வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும்.

ஒட்டிச் சேர்ப்பது நிஜமாகவே நடக்கிறது. உள்ளே அசல் தாள், மேலே கலர் ஜெராக்ஸ் அட்டை. ஒருமுறை என்னிடம் வந்த பிரதியில் ஸ்டேபிள் பின் புதிதாகப் பளபளத்தது. நடுப்பக்கத்தைத் திறந்தால் துருக்கறை வேறிடத்தில், அரை அங்குலம் தள்ளி இருந்தது. பழைய பின்னைப் பிடுங்கி, புது அட்டை வைத்து மறுபடி அடித்திருக்கிறார்கள். முதுகை வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்பில் மை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து வெள்ளைக்கோடு தெரிந்தது. அச்சகத்தில் அடித்த மை தாளுக்குள் ஊறியிருக்கும், அப்படிப் பொருக்காக உதிராது. உங்கள் அப்பா நேரடியாக வாங்கியவர் என்பதால் விற்கும்போது இந்தக் கவலை இல்லை. ஆனால் வரிசையில் விட்டுப்போனதை இனி நீங்களே வாங்கி நிரப்ப நினைத்தால் இதைப் பாருங்கள்.

பைண்டிங் செய்தவற்றைப் பிரிக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். பிரிக்காதீர்கள். நம் ஊர் பைண்டர் மூன்று பக்கமும் வெட்டி, ஓரத்தில் துளை போட்டு நூலால் தைத்து, மைதா பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியிருப்பார். பிரித்தால் துளை விழுந்த, ஓரம் குறைந்த இதழ்தான் மிஞ்சும், சேர்ந்திருந்த அழகும் போய்விடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிரிக்கச் சொல்வேன். தொகுப்பின் நடுவே ஓர் இதழில் ராமபாணப் பூச்சியோ பூஞ்சணமோ பிடித்து, அது பக்கத்து இதழுக்குப் பரவ ஆரம்பித்திருந்தால். அதிலும், ஓரம் வெட்டாத தொகுப்பாக இருக்க வேண்டும். மேல் ஓரத்தில் தலைப்பு எழுத்து முழுதாக இருக்கிறதா, பக்க எண் பாதியாக அறுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறுபட்டிருந்தால் பிரிப்பதால் லாபம் இல்லை, அந்தத் தொகுப்பை மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அறுபடாமல் இருந்தால், நூலை வெட்டி, கெட்டுப்போன இதழை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை அப்படியே நாடாவால் கட்டி வையுங்கள். இதையும் அவசரத்தில் செய்யாதீர்கள்.

லேமினேஷன் கூடவே கூடாது. செலோடேப் கூடாது, வெயிலில் காயவைப்பதும் கூடாது.

எங்கே போய் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று கேட்டால், எனக்குக் கோபம்தான் வருகிறது. அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் வேறு மூன்று நூலகங்களுக்கும் தர வேண்டும் என்று 1954லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அப்படியிருந்தும், நம் காமிக்ஸின் முழு வரிசையை அட்டையோடு ஓரிடத்தில் விரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. சிறுவர் புத்தகம்தானே என்ற அலட்சியம் அது. அதனால்தான் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொன்னதே முதல் பதிப்பு என்றாகிவிடுகிறது.

விலை கேட்கும்போது, "இதை ஒருவர் ஐயாயிரத்துக்குப் போட்டிருக்கிறார்" என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது கேட்ட விலை. கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறியது என்று குறைந்தது மூன்று சேகரிப்பாளர்களிடம் கேளுங்கள். பட்டியலின் நகலை மட்டும் காட்டுங்கள், பெட்டியைத் திறக்க வேண்டாம். விற்பதானால் பத்துப் பத்தாக விற்கலாம்.

தபாலில் அனுப்புவதென்றால் செலவு கூடும். குறைந்த செலவில் போய்க்கொண்டிருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள், புத்தகம் அனுப்புகிறவர்களை யாரும் கேட்கவில்லை. ஸ்பீட் போஸ்ட் செலவை வாங்குகிறவரே ஏற்கட்டும். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, நூல் கட்டாமல், முனை மடியாதபடி உறையிடுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு அனுப்புங்கள்.